நீலத் தண்ணீரும் நெல்லை வெயிலும்: மேற்பரப்பில் நடக்கும் ஒளிவினையைப் பழக ஒரு வழிகாட்டி

போன சித்திரையில் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பாளையங்கோட்டையில் வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறவள். நீலச் சாயம் கலந்த தண்ணீரில் வெள்ளைப் பொடியைப் போட்டு மாடி வெயிலில் வைத்திருக்கிறாள், ஒரு மணி நேரத்தில் தண்ணீர் தெளிந்துவிட்டது. "மாமா, வெயில் சாயத்தைப் பூராம் தின்னுட்டு" என்றாள், அவ்வளவு சந்தோஷம். கிண்ணத்தை மெல்லச் சாய்த்து அடியைப் பார்க்கச் சொன்னேன். அடியில் படிந்திருந்த பொடி வெள்ளையாக இல்லை. நல்ல நீலம். சாயத்தை யாரும் தின்னவில்லை, தண்ணீரிலிருந்து பொடிக்கு இடம் மாறி உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

ஒளி பட்டதும் ஒரு பொடியின் மேற்பரப்பில் நடக்கும் வினையைப் படிக்கிற இந்தத் துறையில் புதிதாக நுழைகிற எல்லாரும் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான், அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒளிவினை என்றதும் மனசு முழுக்க ஒளியின் மேலேயே போய்விடுகிறது: எவ்வளவு வெயில், என்ன விளக்கு, எத்தனை மணி நேரம். ஆனால் வினை நடப்பது பொடியும் தண்ணீரும் தொட்டுக்கொள்ளும் அந்த மெல்லிய எல்லையில். அங்கே எது ஒட்டியிருக்கிறது, எது ஒட்டவில்லை என்று தெரியாமல் வெயிலில் வைத்தால், வருகிற விடைக்கு அர்த்தமே இல்லை. ஆகவே இந்த வழிகாட்டியில் வெயிலுக்கு முன்னால் இருட்டு வரும், அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

பொடிக்குள் என்ன நடக்கிறது

நாம் போடுகிற வெள்ளைப் பொடி டைட்டானியம் டை ஆக்சைடு, அது ஒரு குறைக்கடத்தி. அதற்குள் எலக்ட்ரான்கள் இருக்கும் கீழ்த்தட்டுக்கும் காலியாக இருக்கும் மேல்தட்டுக்கும் நடுவே ஒரு ஆற்றல் இடைவெளி உண்டு. அனடேஸ் என்ற படிக வடிவத்தில் அது சுமார் 3.2 எலக்ட்ரான் வோல்ட், ரூட்டைல் வடிவத்தில் சுமார் 3.0. இதை அலைநீளமாக மாற்ற ஒரு சுலப வழி: 1240-ஐ இந்த எண்ணால் வகுத்தால் நானோமீட்டரில் விடை வரும். அனடேஸுக்கு 388 வருகிறது. அதாவது 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம் உள்ள ஒளி, புற ஊதா ஒளி, அதுதான் இந்தப் பொடியை எழுப்பும். தரைக்கு வரும் வெயிலின் ஆற்றலில் புற ஊதாவின் பங்கு 100-க்கு 4, 5 தான். மீதி வெயில் பொடியைப் பொறுத்தவரை வந்துவிட்டுப் போகிற வெளிச்சம்.

அந்த ஒளி விழுந்ததும் ஒரு எலக்ட்ரான் மேல்தட்டுக்குத் தாவுகிறது, அது விட்டுப்போன இடம் காலியாக நிற்கிறது, அதைத் துளை என்கிறோம். எலக்ட்ரானும் துளையும் ஒன்றையொன்று சந்தித்துவிட்டால் கதை முடிந்தது, ஒளி வெறும் சூடாகப் போய்விடும். பெரும்பாலான ஜோடிகளுக்கு இந்தக் கதிதான். தப்பித்து மேற்பரப்புக்கு வந்து சேரும் சிலவே வேலை செய்கின்றன. அங்கே வந்த எலக்ட்ரானைத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் வாங்கிக்கொள்கிறது. துளை, மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் தண்ணீரிலிருந்தோ ஹைட்ராக்சைடிலிருந்தோ எலக்ட்ரானைப் பிடுங்கி ஹைட்ராக்சில் தனி உறுப்பை (ஜோடியில்லாத ஒரு எலக்ட்ரானோடு அலையும் OH துண்டு) உண்டாக்குகிறது, இல்லையென்றால் ஒட்டியிருக்கும் சாய மூலக்கூறிடமிருந்தே நேராகப் பிடுங்குகிறது. ஹைட்ராக்சில் தனி உறுப்பு ரொம்ப மூர்க்கமான ஆள், உண்டான இடத்தை விட்டு அதிக தூரம் போவதற்குள்ளேயே எதையாவது கடித்துவிடும். அதனால்தான் மேற்பரப்பில் அல்லது அதன் வாசலில் இருப்பவைக்கே இந்த வினை.

ஒளியை உறிஞ்சினால் மட்டும் போதாது என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கம் போனால் குதிரைமொழித் தேரியில் சிவப்பு மணல் கிலோமீட்டர் கணக்கில் கிடக்கும். மணல் துகள்களின் மேல் பூசியிருக்கும் ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்பு. அதன் ஆற்றல் இடைவெளி சுமார் 2.1 எலக்ட்ரான் வோல்ட், அப்படியென்றால் 590 நானோமீட்டர் வரை, கண்ணுக்குத் தெரிகிற ஒளியில் பாதியை அது வாங்கிக்கொள்ளும். பார்த்தால் டைட்டானியத்தைவிட நூறு மடங்கு வேலை செய்யும் என்றுதான் தோன்றும். செய்வதில்லை. ஹேமடைட்டுக்குள் ஒரு துளை சில நானோமீட்டர் தூரம் நகர்வதற்குள்ளேயே எலக்ட்ரானிடம் மாட்டிக்கொள்ளும், மேற்பரப்புக்கு வந்து சேர்வதே அபூர்வம். டைட்டானியம் டை ஆக்சைடு கொஞ்ச ஒளியைத்தான் வாங்குகிறது, ஆனால் வாங்கியதில் ஒரு பங்கையாவது வாசல் வரை கொண்டுவந்து சேர்க்கிறது.

1972-ல் புஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு மின்வாயின் மேல் ஒளியைப் பாய்ச்சித் தண்ணீரைப் பிளந்ததை நேச்சர் இதழில் எழுதினார்கள், இந்தத் துறை பெரிதாகக் கிளம்பியது அதற்குப் பிறகு. டைட்டானியம் நமக்கு அந்நியச் சரக்கும் இல்லை. உவரியிலிருந்து மணவாளக்குறிச்சி வரை கடற்கரையில் அலை ஒதுக்கும் கருமணலில் இருக்கும் இல்மனைட் டைட்டானியத் தாதுதான். அந்த மணலை அள்ளிவந்து கிண்ணத்தில் போட்டால் ஒன்றும் நடக்காது, அது வேறு சேர்மம். ஊர்ப் பெருமைக்காகச் சொன்னேன்.

என்னென்ன வேண்டும்

பொடி: லேப் கெமிக்கல் விற்கிற கடையில் அனடேஸ் வகை டைட்டானியம் டை ஆக்சைடு என்று கேட்டு வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் துத்தநாக ஆக்சைடு, கடைக்காரர் ஜிங்க் ஆக்சைடு என்றால் உடனே எடுத்துக் கொடுப்பார். அதுவும் கிட்டத்தட்ட இதே புற ஊதாவில் வேலை செய்யும், விலையும் குறைவு. ஒரே குறை, அமிலத்தில் கரைந்துபோகும், வெயிலிலேயே கொஞ்சம் கொஞ்சமாக அரித்தும் போகும்.

பெயின்ட் கடையில் மட்டும் வாங்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். வெள்ளை பெயின்டுக்கு நிறம் தருவதும் டைட்டானியம் டை ஆக்சைடுதான், ஆனால் பெயின்டில் இந்த ஒளிவினை நடந்தால் பொடியைச் சுற்றியுள்ள பிசின் அறுபட்டுப் போகும். மேற்கு வெயில் அடிக்கிற பழைய சுவரில் சாய்ந்தால் சட்டையில் வெள்ளையாக ஒட்டுமே, அதற்கு ஒரு காரணம் இந்த வினைதான். அதைத் தடுக்கத்தான் பெயின்டுக்கான பொடியை ரூட்டைல் வடிவத்தில் செய்து, ஒவ்வொரு துகளுக்கும் சிலிக்கா, அலுமினா கொண்டு மெல்லிய சட்டை போட்டு விற்கிறார்கள். சட்டை போட்ட துகளில் துளை மேற்பரப்புக்கு வந்து தண்ணீரைத் தொட முடியாது. ஆனால் சிலிக்கா நீலச் சாயத்தை நன்றாக ஒட்டிக்கொள்ளும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கிண்ணத்தில் நடந்தது முழுக்க இதுதான், அவள் வாங்கியது வண்ணாரப்பேட்டையில் ஒரு பெயின்ட் கடைப் பொடி.

சாயம்: மெத்திலீன் நீலம். கல்லூரி லேபில் இருக்கும், இல்லையென்றால் கலர் மீன் விற்கிற கடையில் மீனுக்கு மருந்தாகச் சின்னப் புட்டியில் வைத்திருப்பார்கள்.

தண்ணீர்: வாலை வடிநீர். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் போதும். போர் தண்ணீர் வேண்டாம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பாத்திரம்: அகலமான, மேலே திறந்த, ஒரே அளவுள்ள நாலு கண்ணாடிக் கிண்ணம். ஒளி மேலிருந்து நேராக விழ வேண்டும், தண்ணீர் இரண்டு செண்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மூடி போட ஆசைப்பட்டால் பாலிகார்பனேட் தகட்டைத் தொடாதீர்கள், அது புற ஊதாவை மறைத்துவிடும். இந்தக் குணமே பின்னால் நமக்கு ஒரு சோதனைக்குப் பயன்படும், ஒரு துண்டு எடுத்து வையுங்கள்.

இவை தவிர 0.01 கிராம் காட்டுகிற சின்னத் தராசு, அலுமினியத் தாள், மருந்து ஊசிக் குழாய் (ஊசி இல்லாமல்), கலக்க ஒரு கண்ணாடிக் குச்சி, கையுறை, முகக்கவசம். பொடி ரொம்ப நுணுக்கம், மூச்சில் போகக் கூடாது, காற்றடிக்கிற இடத்தில் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்.

கலவை செய்வது

50 மில்லிகிராம் மெத்திலீன் நீலத்தை ஒரு லிட்டர் வடிநீரில் கரைத்து மூலக் கரைசலாக வைத்துக்கொள்ளுங்கள், இருட்டில். அதில் 10 மில்லி எடுத்து 90 மில்லி வடிநீர் சேர்த்தால் லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்ற அளவு வரும். கிண்ணத்துக்கு 100 மில்லி. மீன் மருந்து வைத்திருப்பவர்களுக்கு அதன் அடர்த்தி தெரியாது, சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, வானத்து நீலம் வந்ததும் நிறுத்துங்கள், மை நீலம் வரை போக வேண்டாம்.

பொடி 100 மில்லிக்கு 0.1 கிராம். கண்ணால் பார்த்தால் இவ்வளவுதானா என்று இருக்கும், கை தானாக இன்னும் கொஞ்சம் போடப் போகும். போடாதீர்கள். பொடி கூடினால் மேலே இருக்கும் துகள்களே ஒளியைத் தடுத்துவிடும், கீழே கிடப்பவை நிழலில் சும்மா இருக்கும்.

நாலு கிண்ணம்

முதல் கிண்ணத்தில் சாயம் மட்டும், பொடி கிடையாது. வெயில் தானாகவே சாயத்தை எவ்வளவு வெளுக்கிறது என்று இது சொல்லும். பத்தமடைப் பாயை வாசலில் காயப்போட்டு மறந்தவர்களுக்குத் தெரியும், சாயம் வெளுக்கப் பொடி எதுவும் வேண்டியதில்லை.

இரண்டாவதில் சாயமும் பொடியும், ஆனால் கிண்ணத்தை மேலும் கீழும் அலுமினியத் தாளால் சுற்றிவிட வேண்டும். மூன்றாவதில் சாயமும் பொடியும், திறந்தபடி. நாலாவதில் சாயமும், ஒளிக்கு மசியாத ஏதாவது ஒரு வெள்ளைப் பொடியும், கோலப்பொடி போதும். தண்ணீர் கலங்கலாக இருப்பதாலேயே ஏதாவது மாறுகிறதா என்று பார்க்க இது.

சுற்றிய கிண்ணத்தைச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு வராதீர்கள், முதல் தடவை நான் அப்படித்தான் செய்தேன். அப்புறம் மாடியில் இருந்த கிண்ணம் கை வைக்க முடியாமல் சுட்டது, அலமாரியில் இருந்தது குளுகுளுவென்று இருந்தது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒளியால் வந்ததா சூட்டால் வந்ததா என்று சொல்ல வழியே இல்லாமல் போயிற்று. இருட்டுக் கிண்ணமும் அதே வெயிலில், அதே தரையில், மற்ற மூன்றோடு சேர்ந்து உட்கார வேண்டும்.

முதலில் இருட்டு

நாலு கிண்ணத்தையும் கலக்கிவிட்டு அரை மணி நேரம் நிழலில் மூடி வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை குச்சியால் கலக்குங்கள். பொடியின் மேல் ஒட்ட வேண்டிய சாயம் இந்த நேரத்தில் ஒட்டி முடியும். இதற்குப் பாடப்புத்தகத்தில் பரப்புக் கவர்ச்சி என்று பெயர்.

அரை மணி முடிந்ததும் ஒவ்வொன்றிலிருந்தும் 3 மில்லி எடுத்து வையுங்கள். இந்த அளவுதான் உங்கள் தொடக்கப் புள்ளி. கலக்கிய உடனே இருந்த 5 மில்லிகிராமைத் தொடக்கமாக வைத்துக் கணக்குப் போட்டால், வெறுமனே ஒட்டிக்கொண்ட சாயமும் வெயில் அழித்ததாகக் கணக்கில் ஏறிவிடும்.

எவ்வளவு ஒட்டும் என்பது கிட்டத்தட்ட மின்னேற்ற விவகாரம். மெத்திலீன் நீலம் நேர் மின்னேற்றம் உள்ளது. டைட்டானியம் டை ஆக்சைடின் மேற்பரப்பு, பிஹெச் சுமார் 6-க்குக் கீழே நேர் மின்னேற்றமாகவும் அதற்கு மேலே எதிர் மின்னேற்றமாகவும் இருக்கும். ஆக, காரம் கூடக் கூட இந்தச் சாயத்தைப் பொடி பக்கத்தில் இழுக்கும், அமிலமானால் தள்ளிவிடும். மெத்தில் ஆரஞ்சு எதிர் மின்னேற்றச் சாயம், அதற்கு எல்லாமே தலைகீழ். துத்தநாக ஆக்சைடுக்கு இந்தத் திருப்பம் பிஹெச் 9-ஐ ஒட்டி வரும், அதனால் சாதாரணத் தண்ணீரில் அது மெத்திலீன் நீலத்தை அவ்வளவாக ஒட்டிக்கொள்ளாது. வெறும் கிண்ணத்தையும் பிஹெச் தாளையும் வைத்துக்கொண்டு, மேற்பரப்பு எப்படி ஆளைப் பார்த்துப் பழகுகிறது என்று கண்ணால் காண முடிவது எனக்கு இன்றைக்கும் பிடித்த விஷயம்.

வெயிலுக்கு வருவோம்

திருநெல்வேலி வடக்கே 8.7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 12-ஐ ஒட்டி ஒரு தடவையும் ஆகஸ்ட் கடைசியில் ஒரு தடவையும் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். இந்திய நேரம் கிழக்கே 82.5 பாகையை வைத்துக் கணக்கிடுவது, நாம் அதற்கு மேற்கே 77.7-ல் இருக்கிறோம், அதனால் நமக்கு உச்சி வெயில் 12 மணிக்கு வராது, சித்திரையில் 12 மணி 20 நிமிடம் போல வரும். 11 மணியிலிருந்து 1:30 வரை வேலையை வைத்துக்கொண்டால் புற ஊதா ஏறக்குறைய ஒரே சீராகக் கிடைக்கும். சாயங்கால வெயில் கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தாலும் சாய்ந்து வரும்போது அதன் புற ஊதாவைக் காற்று மண்டலம் பெருமளவு சிதறடித்துவிட்டிருக்கும். ஆனி, ஆடியில் சாரல் மேகம் மூடியிருந்தாலும் வினை நிற்காது, மெதுவாகும், ஆனால் மேகம் வந்து வந்து போவதால் ஒரு நாளையும் இன்னொரு நாளையும் ஒப்பிட முடியாது. நாலு கிண்ணமும் ஒரே நேரத்தில் ஒரே தட்டட்டியில் இருந்தால்தான் கணக்கு.

கிண்ணத்தின் வெளியே தண்ணீர் மட்டத்துக்கு மார்க்கரால் கோடு போடுங்கள். நம் வெயிலுக்கு ஒரு மணி நேரத்தில் மட்டம் இறங்கிவிடும், தண்ணீர் குறைந்தால் சாயம் அடர்த்தியாகி, வினை நடந்தும் நடக்காத மாதிரி காட்டும். மாதிரி எடுக்க எடுக்க மட்டம் இறங்குவது வேறு, அதையும் குறித்துக்கொண்டு, ஆவியானதற்கு மட்டும் வடிநீர் விட்டு நிரப்புங்கள். கலக்குவதையும் விடாதீர்கள். பொடி அடியில் படிந்தால் மேல் அடுக்கு மட்டும்தான் ஒளி பார்க்கும், அதோடு கலக்கும்போதுதான் காற்றிலிருந்து ஆக்சிஜன் உள்ளே போகும். எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள ஆக்சிஜன் இல்லாவிட்டால் எலக்ட்ரான் தேங்கும், தேங்கினால் துளையோடு சேர்ந்துவிடும், வேலை நிற்கும்.

விளக்கில் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அழகு நிலையத்தில் நகப்பூச்சு காய வைக்கிற புற ஊதா விளக்குகளில் பல 395, 405 நானோமீட்டரில் எரிபவை. மேலே போட்ட கணக்கு ஞாபகம் இருக்கிறதா, 388. நீல ஊதாவாக ஜொலிக்கும், அனடேஸ் கண்டுகொள்ளாது. 365 என்று குறித்திருப்பதைக் கேட்டு வாங்குங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள்.

நிறத்தை அளப்பது

15 நிமிடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் 3 மில்லி எடுத்துச் சின்னக் குப்பியில் விட்டு உடனே இருட்டில் வையுங்கள். பொடி படியும் வரை பொறுக்க வேண்டும். துத்தநாக ஆக்சைடு ராத்திரிக்குள் படிந்துவிடும், மிக நுணுக்கமான டைட்டானியம் டை ஆக்சைடு மறுநாளும் பால் மாதிரி மிதக்கும். எல்லாக் குப்பியிலும் ஒரே அளவாக ஒரு சிட்டிகை உப்பு போட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு கீழே இறங்கும். கல்லூரியில் மையவிலக்கி இருந்தால் இந்தப் பாடே இல்லை.

நிறமாலைமானி இருந்தால் தெளிந்த நீரை 664 நானோமீட்டரில் அளக்கலாம், அங்கேதான் மெத்திலீன் நீலம் அதிகமாக ஒளியை உறிஞ்சும். நிறமானி மட்டும் இருந்தால் சிவப்பு வடிகட்டியைப் போடுங்கள். எதுவும் இல்லையென்றால் மூலக் கரைசலிலிருந்து லிட்டருக்கு 5, 4, 3, 2, 1 மில்லிகிராம் அளவுகளில் ஐந்து குப்பி செய்து வரிசையாக வெள்ளைத் தாளின் மேல் வைத்து, நிழலில், போன் கேமராவின் தானியங்கி வசதிகளை அணைத்துவிட்டு ஒரே படத்தில் மாதிரிகளோடு சேர்த்து எடுங்கள். படத்தில் சிவப்பு அலகின் எண்ணைப் படிக்கிற செயலிகள் நிறைய உண்டு, நீலச் சாயம் சிவப்பைத்தான் தின்னும், அதனால் நீலத்தின் எண்ணைப் பார்த்தால் ஒன்றும் புரியாது.

எண்கள் கிடைத்ததும், சாயம் பாதியாகக் குறைய எத்தனை நிமிடம் ஆயிற்று என்று பாருங்கள். உதாரணத்துக்கு, இருட்டுக்குப் பிறகு 4 இருந்தது 20 நிமிடத்தில் 2 ஆகி, 40-ல் 1 ஆனால், ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் பாதியாகிறது என்று அர்த்தம். 0.693-ஐ 20-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 0.035, அதுதான் வேக மாறிலி. சாயம் குறைவாக இருக்கும்போது இந்தப் பாதிக் கணக்கு அழகாகப் பொருந்தும். சாயத்தைக் கூட்டிக்கொண்டே போனால் பொருந்தாது. பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள்: ஐம்பது இலை போட்டிருந்தால், வெளியே நூறு பேர் நின்றாலும் ஐந்நூறு பேர் நின்றாலும் ஒரு பந்தியில் சாப்பிடுவது ஐம்பது பேர்தான். மேற்பரப்பில் உட்கார இடம் நிரம்பிய பிறகு தண்ணீரில் எவ்வளவு சாயம் காத்திருந்தாலும் வேகம் ஏறாது. மேற்பரப்பு இப்படி நிரம்புவதைக் கணக்காக்கிய லாங்மியூருக்கு மேற்பரப்பு வேதியியலுக்காக 1932-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

நீலம் போனால் சாயம் போயிற்றா

மூன்றாவது கிண்ணம் வெளுத்துவிட்டது, மற்ற மூன்றும் அப்படியே அல்லது கொஞ்சம்தான் மாறியிருக்கின்றன. சரி, இப்போது உங்களையே நீங்கள் சந்தேகப்பட வேண்டும்.

அடியில் உள்ள பொடியை முதலில் பாருங்கள். நீலமாக இருந்தால் வேலை முடியவில்லை.

அடுத்து, வெளுத்த தண்ணீரைக் கொஞ்சம் ஒரு புட்டியில் பாதி வரை ஊற்றி மூடி நன்றாகக் குலுக்குங்கள். மெத்திலீன் நீலத்துக்கு ஒரு குணம் உண்டு: எலக்ட்ரானை வாங்கிக்கொண்டால் நிறமில்லாத வேறு வடிவத்துக்குப் போய்விடும், காற்றுப் பட்டதும் பழைய நீலத்துக்குத் திரும்பும். ஆக்சிஜன் பற்றாத கிண்ணத்தில், கலக்காமல் விட்ட கிண்ணத்தில் இது நடக்கலாம். குலுக்கினதும் நீலம் எட்டிப் பார்த்தால் சாயம் அழியவில்லை, ஒளிந்துகொண்டிருந்தது.

மூன்றாவது சந்தேகம்தான் பெரிய ஆட்களையும் ஏமாற்றுவது. மெத்திலீன் நீலம் தானே கண்ணுக்குத் தெரிகிற ஒளியை உறிஞ்சுகிற பொருள். பொடியில் ஒட்டியிருக்கும்போது அது ஒளியை வாங்கி, எலக்ட்ரானைப் பொடிக்குக் கொடுத்துவிட்டு, தானே சிதைந்துபோகலாம். இங்கே பொடி ஒளிவினையூக்கியாக, அதாவது தானே ஒளியை வாங்கி வினையை நடத்தும் பொருளாக, வேலை செய்யவே இல்லை, எலக்ட்ரானை வாங்கி வைத்துக்கொண்டது மட்டும்தான். 1991-ல் ஓ'ரீகனும் கிரெட்ஸலும் காட்டிய சாய சூரியக் கலம் இந்தக் குணத்தையே மூலதனமாக வைத்து மின்சாரம் எடுக்கிறது. நம் சோதனைக்கு அது குழப்பம். எடுத்து வைத்த பாலிகார்பனேட் துண்டை இப்போது சாயமும் பொடியும் போட்ட ஐந்தாவது கிண்ணம் ஒன்றின் மேல் மூடுங்கள். புற ஊதா நின்றுவிடும், வெளிச்சம் உள்ளே போகும். அப்போதும் வெளுத்தால் அதில் சாயத்தின் சொந்தக் கை இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற ஒளியில் வேலை செய்யும் புதுப் பொடி என்று யாராவது நீலச் சாயத்தை மட்டும் காட்டிச் சொன்னால், நிறமில்லாத ஒரு பொருளை வைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

இது வரை வந்தவர்களுக்கு இனி விளையாட்டுத்தான். தண்ணீரை மாற்றிப் பாருங்கள்: ஒரு கிண்ணத்தில் வடிநீர், ஒன்றில் தாமிரபரணி நல்ல தண்ணீர், ஒன்றில் போர் தண்ணீர். போர் தண்ணீரில் பைகார்பனேட் நிறைய இருக்கும், அது ஹைட்ராக்சில் தனி உறுப்பை வழியிலேயே மடக்கிப் பிடித்து மெதுவான ஒன்றாக மாற்றிவிடும். உவரி, கூடங்குளம் மாதிரி கடலோரத்தில் உப்புத் தண்ணீர் வருகிற வீடுகளில் குளோரைடும் இந்த வேலையைச் செய்யும். ஆய்வுக்கூடத்தில் அருமையாக வேலை செய்த பொடி ஊர்த் தண்ணீரில் படுத்துவிடுவதற்கு முக்கியமான காரணம் இது, சாயப்பட்டறைத் தண்ணீரைச் சுத்தம் செய்யலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய சோதனையும் இதுவே.

பிஹெச்சை மாற்றுகிறவர்கள் வினிகரும் எலுமிச்சைச் சாறும் எடுக்காதீர்கள். அவையே கரிமப் பொருள்கள், துளைகள் சாயத்தை விட்டுவிட்டு இவற்றைத் தின்னப் போய்விடும். துத்தநாக ஆக்சைடாக இருந்தால் அமிலத்தில் பொடியே கரையும். கல்லூரியில் ஆசிரியரை வைத்துக்கொண்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் சில சொட்டு விட்டுச் செய்யுங்கள். பெரிய லென்ஸை வைத்து வெயிலைக் குவிக்கிறவர்களும் உண்டு. ஒளி மிகவும் கூடும்போது எலக்ட்ரானும் துளையும் நெருக்கடியில் ஒன்றையொன்று சந்திப்பதும் கூடிப்போகும், நாலு மடங்கு ஒளிக்கு இரண்டு மடங்கு வேகம் என்ற கணக்குக்கு வந்து நிற்கும்.

பொடியைக் கண்ணாடியில் பூசிச் செய்ய விரும்பினால், அனடேஸைத் தண்ணீரில் மோர் பதத்துக்குக் குழைத்து, ஆய்வுக்கூடக் கண்ணாடித் தகட்டின் இரு ஓரத்திலும் செலோடேப் ஒட்டி, கண்ணாடிக் குச்சியால் ஒரே இழுப்பில் இழுத்துவிட்டு, டேப்பை உரித்துவிட்டு, காய்ந்ததும் கல்லூரி உலையில் 450 பாகை செல்சியஸில் அரை மணி நேரம் வைக்கச் சொல்லுங்கள். படிய வைக்கிற தொல்லை இருக்காது. ஆனால் மேற்பரப்பு பல மடங்கு குறைந்துவிட்டது, பொடியில் ஒரு மணி நேரத்தில் முடிந்தது இதில் ஒரு நாள் இழுக்கலாம். ஜன்னல் கண்ணாடியில் வெறும் 15 நானோமீட்டர் போலத் தடிமனுக்கு இதே பொருளைப் படியவைத்து, வெயில் பட்டால் அழுக்கைத் தானே கழற்றிவிடும் கண்ணாடியைப் பில்கிங்டன் நிறுவனம் 2001-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் வெயில் பட்ட பிறகு தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் தகடாகப் பரவி வழியும். நாம் பூசிய சொரசொரப்பான பூச்சில் இருட்டிலும் தண்ணீர் உறிஞ்சிப் பரவும், அதைப் பார்த்து ஒளியால் நடந்தது என்று எழுதிவிடாதீர்கள்.

வேலை முடிந்த தண்ணீரைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள், வாய்க்கால் எங்கே போகிறது என்று நமக்குத் தெரியும். துத்தநாகம் மீனுக்கு ஆகாது. எல்லாவற்றையும் ஒரு பழைய வாளியில் சேர்த்து, நிறம் முழுக்கப் போகும் வரை இன்னும் இரண்டு நாள் வெயிலில் வைத்து, பொடி படிந்ததும் மேல் தண்ணீரைத் துணியில் வடித்து, அந்தத் தெளிந்த நீரையும் தட்டில் ஊற்றி ஆவியாக விட்டுவிடுங்கள். அடிமண்டியைக் காயவைத்து, காற்றில் பறக்காமல் ஒரு டப்பாவில் மூடிப் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். டைட்டானியம் டை ஆக்சைடாக இருந்தால் நாலைந்து தடவை வடிநீரில் கழுவித் திரும்பவும் பயன்படுத்தலாம், இரண்டாம் தடவை வேகம் குறைகிறதா என்று பார்ப்பதே அடுத்த சோதனை.